ஒப்பிடலாமா? – நாயன்மார் இருவர் காட்டும் நெறி



ஆண்டு மலர் அச்சாகிக் கைக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் புரட்டும் பக்கம் எது? அட்டைப்படத்து மூர்த்தியை வணங்கிவிட்டு, விரல் தானாகவே நன்கொடையாளர் பட்டியலுக்குப் போய்விடுகிறது. நம் பெயர் இருக்கிறதா, பிழையில்லாமல் அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பதில் குற்றமில்லை. ஆனால் கண் அதோடு நிற்பதில்லை. நமக்கு மேலே யார், கீழே யார், பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு கொடுத்தார் என்று பட்டியல் முழுவதும் ஏறி இறங்குகிறது. மலர்க்குழுவில் இருக்கும் நானும் இதற்கு விலக்கு அல்லன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அன்பர், நெடுங்காலம் உபயம் செய்து வந்தவர், தம் பெயர் தம்முடைய சம்பந்தியின் பெயருக்குக் கீழே வந்துவிட்டதென்று வருந்திக் கோயிலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். இருவர் கொடுத்ததும் ஒரே தொகை. அகர வரிசைப்படி அச்சிட்டிருந்தோம், அவ்வளவுதான். விளக்கிச் சொல்லியும் அவர் மனம் ஆறவில்லை. அவரைக் குறை கூற இதை எழுதவில்லை. கொடுத்த கை நிறைவடைய வேண்டிய இடத்தில் ஏன் புண்படுகிறது என்ற கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை. பிறரோடு நம்மை ஒப்பிடுவதே தவறா? அல்லது ஒப்பிடுவதில் நல்ல முறை, தீய முறை என்று இரண்டு உண்டா? இக்கேள்விக்கு நம் சமயப் பெரியோர் வாழ்வில் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒப்பிடுவது மனத்தின் இயல்பு

துணியை அளக்க முழக்கோல் உண்டு. அரிசியை அளக்கத் தராசு உண்டு. நான் நல்ல தகப்பனா, திறமையான தொழிலாளியா, உண்மையான பக்தனா என்று அளக்கக் கடையில் கருவி கிடைக்காது. ஆகவே மனம் அருகில் இருக்கும் மனிதரையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க உளவியல் அறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். மனிதன் தன்னை மதிப்பிட விரும்புகிறான், வேறு அளவுகோல் இல்லாதபோது பிறரோடு ஒப்பிடுகிறான், அதிலும் தன்னைப் போன்றவரோடுதான் பெரிதும் ஒப்பிடுகிறான் என்பது அவர் கருத்து.

இதற்குச் சான்று தேடி நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எல்லார் வீடும் ஒரே மாதிரி, எல்லார் சம்பளமும் ஏறக்குறைய ஒரே மாதிரி. மாமன்னரின் அரண்மனையைப் பார்த்து எவரும் ஏங்கியதில்லை. ஆனால் 1978 டிசம்பரில் நம் நாட்டில் வண்ண ஒளிபரப்பு தொடங்கிய பின், வரிசையில் ஒரு வீட்டுக்கு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தபோது, அடுத்த வீட்டில் அதுவரை நன்றாகத் தெரிந்த கறுப்பு வெள்ளைப் படம் அன்று முதல் மங்கலாகிவிட்டது!

இன்று குடியிருப்பு போய், 2001-இல் திறக்கப்பட்ட கே.எல். சென்ட்ரல் நிலையத்தைச் சுற்றி மாடங்கள் எழுந்துவிட்டன. அண்டை வீட்டுச் சன்னலோ கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. யார் மகள் எந்த நாட்டில் பட்டம் வாங்கினாள், யார் வீட்டுத் திருமணம் எந்த விடுதியில் நடந்தது என்பதெல்லாம் விடியற்காலையில் புலனக் குழுவில் வந்து நிற்கின்றன. ஒப்பிடும் இயல்பு பழையது. அதற்குக் கிடைக்கும் தீனிதான் பெருகிவிட்டது.

மனம் எங்கே பார்க்கிறது என்பதே நிறைவையும் குறைவையும் முடிவு செய்கிறது. 1992-இல் பார்சிலோனாவில் நடந்த ஒலிம்பிக் போட்டியின் ஒளிப்படக் காட்சிகளைக் கொண்டு அமெரிக்க ஆய்வாளர் மூவர் ஓர் ஆய்வு செய்து 1995-இல் வெளியிட்டனர். வெள்ளிப் பதக்கம் வென்றவர்களைவிட, மூன்றாவதாக வந்து வெண்கலம் பெற்றவர்களின் முகத்தில் மகிழ்ச்சி கூடுதலாகக் காணப்பட்டது. இரண்டாமவர் தமக்குக் கை நழுவிய தங்கத்தை நினைத்தார். மூன்றாமவர் பதக்கமே இல்லாமல் போயிருக்கக்கூடிய நிலையை நினைத்தார் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

துரியோதனன் எண்ணிய செல்வம்

தீய ஒப்பீட்டுக்கு மகாபாரதத்துத் துரியோதனனைவிடத் தெளிவான சான்று இல்லை. அவனுக்கு அத்தினாபுரம் இருந்தது, தம்பியர் இருந்தனர், கர்ணனைப் போன்ற நண்பன் இருந்தான். தருமர் இராசசூய யாகம் செய்தபோது, மன்னர்கள் கொண்டுவரும் காணிக்கைகளைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பு துரியோதனனுக்கே தரப்பட்டது. தன் கையாலேயே வாங்கி வாங்கிக் கை சலித்துப்போனதாக அவனே பின்னர்த் தந்தையிடம் சொல்லிப் புலம்புகிறான். பிறர் செல்வத்தை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தவன் தன் செல்வத்தை எண்ண மறந்தான். ஊர் திரும்பியவன் வெளுத்து மெலிந்தான். தானும் ஒரு யாகம் செய்து புகழ் பெறலாம் என்றோ, தருமரின் நல்லாட்சியைத் தன் நாட்டிலும் கொண்டுவரலாம் என்றோ அவன் முதலில் எண்ணவில்லை. அவர்களிடம் இருப்பது இல்லாமல் போக வேண்டும் என்றே எண்ணினான். சூதாட்ட மண்டபம் அங்கேதான் எழுந்தது.

பொறாமை என்னும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பொறுக்க இயலாமை என்பதே அதன் பொருள். பிறர் நன்றாயிருப்பதைத் தாங்கிக்கொள்ளும் வலிமை நெஞ்சுக்கு இல்லை என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. திருவள்ளுவர் இதற்கென ஓர் அதிகாரம் ஒதுக்கினார். பதினேழாவது அதிகாரமாகிய அழுக்காறாமையை அவர் துறவறத்தில் வைக்கவில்லை, இல்லறத்தில் வைத்தார். அண்டை அயலும் சம்பந்தியும் பங்காளியும் சூழ வாழ்கிறவனுக்கே இந்தப் பாடம் அதிகம் தேவை என்பதால் போலும்.

வீழிமிழலையில் இரண்டு காசுகள்

இனி நல்ல ஒப்பீட்டுக்கு வருவோம். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் ஒரே காலத்தவர். இருவரும் பாடினர், இருவரையும் அடியார் கூட்டம் சூழ்ந்தது. ஒருவர் முதியவர், ஒருவர் சிறுவர். ஒப்பிடவும் போட்டியிடவும் இதைவிட வாய்ப்பான நிலை வேண்டுமா? பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமான், இவ்விருவரும் ஒருவரையொருவர் நோக்கிய மூன்று இடங்களை நமக்குக் காட்டுகிறார்.

முதலாவது திருவீழிமிழலை. இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள தலம். பஞ்சம் வந்து மக்கள் வாடிய காலத்தில், அடியார்க்கு அமுதளிக்க இறைவன் இருவருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு அருளினார். நாவுக்கரசர் திருமடத்தில் அடியார்கள் உரிய வேளையில் உண்டனர். சம்பந்தர் திருமடத்தில் மட்டும் உணவு தாமதமாயிற்று. சம்பந்தர் அதைக் கவனித்தார். மடைப்பள்ளிப் பணியாளரை அழைத்துக் காரணம் கேட்டார். அரசரின் காசை வணிகர் உடனே வாங்கிக்கொள்கிறார்கள், நமக்குக் கிடைக்கும் காசுக்கு வாசி கேட்கிறார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். வாசி என்பது காசை மாற்றும்போது கழித்துக்கொள்ளும் வட்டம். நம் ஊர் நாணய மாற்றுக் கடையில் பழைய கசங்கிய நோட்டுக்குக் குறைத்துத் தருவார்களே, அது போல.

இந்த இடத்தில் நாமாக இருந்திருந்தால் என்ன கேட்டிருப்போம்? ‘அவருக்கு மட்டும் நல்ல காசா? இது நியாயமா?’ என்றுதானே? சம்பந்தர் கேட்ட கேள்வி வேறு. அவரிடம் இருப்பது என்ன, என்னிடம் இல்லாதது என்ன என்று எண்ணினார். விடையும் கண்டார். நாவுக்கரசர் பாடுவதோடு நில்லாமல் உழவாரப்படை ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிக் கைத்தொண்டு செய்கிறார்; அந்த உழைப்புக்குக் கிடைத்த கூலி ஆகையால் அவர் காசில் குறை இல்லை என்று உணர்ந்தார். பிறகு தம் காசின் வாசி தீர வேண்டும் என்று இறைவனிடமே பாடி முறையிட்டார். அரசரின் காசு குறைய வேண்டும் என்று பாடவில்லை. வாசி நீங்கியது, இரு மடங்களிலும் பந்தி வேளையோடு நடந்தது.

மறைக்காட்டில் ஒரு கதவு

இரண்டாவது இடம் திருமறைக்காடு என்னும் வேதாரண்யம். வேதங்கள் பூசித்து அடைத்த கதவு திறக்கப்படாமல் இருக்க, மக்கள் வேறு வாயில் வழியே சென்று வந்தனர். கதவு திறக்கப் பாடுமாறு சம்பந்தர் வேண்ட, நாவுக்கரசர் பாடினார். எளிதில் திறக்கவில்லை. நெடிது பாடி, உருகி முறையிட்ட பின்னரே திறந்தது. கதவு மீண்டும் அடைக்கப் பாடியவர் சம்பந்தர். அவர் முதற்பாட்டைப் பாடியதுமே கதவு மூடிக்கொண்டது.

அன்றிரவு நாவுக்கரசர் வருந்தினார். திறப்பதற்கு எனக்கு அத்தனை அருமை, அடைப்பதற்கு அவருக்கு அத்தனை எளிமையா என்று அவர் உள்ளம் வாடியதைச் சேக்கிழார் மறைக்கவில்லை. இது எனக்குப் பெரிய ஆறுதல். மூத்தவர், துன்பங்கள் பல கடந்த ஞானி, அவருக்கும் அந்த வலி வந்தது. ஆகவே ஒப்பீட்டினால் நெஞ்சு ஒரு கணம் வாடுவது பாவம் ஆகாது. வாடிய பின் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

அவர் அந்த வலியைச் சம்பந்தர் மேல் திருப்பவில்லை. இறைவன் திருவுள்ளத்தை நான் அறியவில்லையே என்று தம்மை நோக்கினார். அந்நிலையில் இறைவன் தோன்றித் திருவாய்மூருக்கு அழைத்து முன்னே சென்று மறைந்தார். பின்தொடர்ந்து சம்பந்தரும் அங்கே வந்தார். அப்போது அரசர், நான் பிழை செய்தவன், எனக்கு ஒளிக்கலாம். என்னினும் உறைப்புடன் பாடிக் கதவை அடைப்பித்தவர் இதோ நிற்கிறார், அவருக்கும் ஒளிக்கலாமோ என்ற கருத்துப்பட இறைவனிடம் முறையிட்டார். தம்மை வருத்திய வேற்றுமையைத் தம் வாயாலேயே பாராட்டாக மாற்றிவிட்டார். இறைவன் சம்பந்தருக்குக் காட்சி கொடுத்தார். சம்பந்தர் என்ன செய்தார்? தாம் மட்டும் கண்டு களிக்கவில்லை. அக்காட்சியை அரசருக்கும் காட்டினார்.

பூந்துருத்தியில் ஒரு பல்லக்கு

மூன்றாவது இடம் திருவையாற்றுக்கு அருகிலுள்ள திருப்பூந்துருத்தி. மதுரையில் பெரும்புகழ் பெற்றுத் திரும்பிய சம்பந்தர், அரசரைக் காண முத்துச் சிவிகையில் வருகிறார். அரசர் கூட்டத்தோடு கூட்டமாகப் புகுந்து, பல்லக்குத் தூக்குவோரில் ஒருவராகத் தோள் கொடுத்தார். ஊருக்கு அருகில் வந்ததும் அப்பர் எங்கே உள்ளார் என்று சம்பந்தர் வினவ, உம்மைத் தாங்கி வரும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன் என்ற விடை பல்லக்கின் கீழிருந்து வந்தது. பதறி இறங்கிய சம்பந்தர் வணங்க, அதற்கு முன் அரசர் வணங்கினார்.

மறைக்காட்டில் வாடிய அதே நெஞ்சுதான் பூந்துருத்தியில் தோள் கொடுத்தது. தீய ஒப்பீட்டுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. எவரைப் பார்த்து மனம் பொறுக்கவில்லையோ, அவருடைய நற்பணியில் ஒரு பங்கு நாம் எடுத்துக்கொள்வது.

வகுப்பறையில் நான் செய்த பிழை

இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்றும் பார்க்க வேண்டும். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியனாக இருந்தவன். 1988-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு தொடங்கிய பின், தமிழ்ப்பள்ளிகளில் ‘ஏழு ஏ’ என்பதே மந்திரமாகிவிட்டது. மாதத் தேர்வுத் தாள்களை அதிகப் புள்ளியிலிருந்து குறைந்த புள்ளி வரை வரிசையாகப் பெயர் சொல்லித் திருப்பிக் கொடுப்பது என் வழக்கம். ஊக்கம் பிறக்கும் என்று நம்பினேன்.

ஓர் ஆண்டு ஒரு மாணவன். அவன் அண்ணன் ஏழு ஏ பெற்று எங்களுக்கெல்லாம் பெருமை சேர்த்தவன். தம்பியின் தாளைக் கொடுக்கும்போதெல்லாம், “உன் அண்ணன் உட்கார்ந்த இடத்திலதான்டா நீயும் உட்கார்ந்திருக்க” என்பேன். வகுப்பு சிரிக்கும். அவனும் சிரிப்பான். சில மாதங்களில் அவன் கை உயர்த்துவதை நிறுத்திவிட்டான். ஆண்டு இறுதியில் எல்லாப் பிள்ளைகளும் வந்து விடைபெற்றார்கள், அவன் வரவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பூசையில் அவன் தாயாரைக் கண்டேன். பிள்ளைகள் நலமா என்று கேட்டேன். “ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க ஐயா. ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கிறதுதான் இல்ல” என்றார். அதற்கு நான் காரணம் என்று அந்த அம்மா சொல்லவில்லை; நினைத்தும் இருக்க மாட்டார். ஆனாலும் அன்று அர்ச்சனைத் தட்டை வாங்கிய என் கை நடுங்கியது. அண்ணனைக் கண்டு தம்பி கற்றுக்கொள்ளும்படி நான் செய்யவில்லை. அண்ணனைக் கண்டு தம்பி கூசும்படி செய்துவிட்டேன்.

அதன் பிறகு வரிசைப்படி பெயர் வாசிப்பதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் சென்ற மாதப் புள்ளியையும் இந்த மாதப் புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். கணிதத்தில் வல்ல பிள்ளையைத் தடுமாறும் பிள்ளையின் அருகில் உட்கார வைத்தேன். இதனால் எல்லாரும் ஏழு ஏ பெற்றுவிடவில்லை. ஆனால் கைகள் உயர்ந்தன. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. வீட்டில் ‘அவன் எப்படி, நீ எப்படி’ என்று கேட்கும் தேர்வை எந்த அமைச்சும் நீக்க முடியாது. பெற்றோரும் தாத்தா பாட்டியுமாகிய நாம்தான் நீக்க வேண்டும்.

ஆலயங்களும் ஒப்பிடுகின்றன

தனிமனிதர் மட்டுமா? நிர்வாகங்களும் இதற்கு ஆட்படுகின்றன. வேறோர் ஆலயத்தின் திருப்பணியைப் பார்த்துவிட்டு வந்த நாங்கள், நமக்கும் அதே அளவில் கோபுரம் வேண்டும், அதைவிட ஓர் அடியாவது உயர வேண்டும் என்று செயற்குழுவில் ஆர்வத்தோடு பேசினோம். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். எங்களோடு அங்கே வந்திருந்த, விளக்குத் துலக்கும் மூதாட்டி ஒருவர் தேநீர் கொடுத்துக்கொண்டே, “கோபுரத்தப் பார்த்தீங்க சரி தம்பி, அங்க அன்னதானம் முடிஞ்சதும் தட்டு கழுவ எத்தன பேரு ஓடி வந்தாங்கன்னு பார்த்தீங்களா?” என்றார். நாங்கள் பார்க்கவில்லை. அவர் பார்த்திருக்கிறார். இருவரும் ஒப்பிட்டோம், நாங்கள் கண்டது உயரம், அவர் கண்டது கைத்தொண்டு. வாசியில்லாக் காசின் பொருள் எனக்கு அன்று முழுமையாக விளங்கியது.

பூசலார் நாயனார் வரலாற்றையும் நன்கொடையாளர்கள் நினைவில் வைக்க வேண்டும். காஞ்சியில் பல்லவ மன்னன் பெரும் பொருள் செலவிட்டுக் கற்கோயில் எடுத்தான். காஞ்சி கயிலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்மனே அவன் என்பது அறிஞர் பலர் கருத்து. திருநின்றவூரில் பொருளின்றி வாடிய பூசலார், மனத்துள்ளேயே ஒவ்வொரு கல்லாக அடுக்கிக் கோயில் கட்டினார். இரண்டுக்கும் குடமுழுக்கு ஒரே நாள். அந்நாளில் பூசலார் கோயிலில் புகுகின்றோம், உன் விழாவைத் தள்ளிவை என்று இறைவன் மன்னனின் கனவில் கூறினார். ஓர் ஏழையோடு ஒப்பிடப்பட்டுத் தான் இரண்டாமிடம் பெற்றதாக மன்னன் சினக்கவில்லை. திருநின்றவூருக்குத் தானே சென்று, தேடிக் கண்டு, வணங்கித் திரும்பினான். பூசலாரின் பெருமையைப் பேசும் நாம் அந்த மன்னனின் பெருமையையும் பேச வேண்டும்.

நம்மை நாமே கேட்க நான்கு கேள்விகள்

பிறரைக் கண்டு மனம் அலையும்போது பின்வரும் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்று: நான் பார்ப்பது அவர் பெற்ற பலனையா, அவர் செய்த பணியையா? பலனை மட்டும் பார்த்தால் ஏக்கம் வரும். பணியைப் பார்த்தால் வழி தெரியும்.

இரண்டு: பார்த்த பின் என் கையில் வேலை கூடியதா, நாவில் பேச்சுக் கூடியதா? அவரைப் பற்றிய குறைப்பேச்சுக் கூடியிருந்தால் அது துரியோதனன் வழி.

மூன்று: என்னிலும் எளியவரைப் பார்க்கும்போது நெஞ்சில் எழுவது இறுமாப்பா, இரக்கமா? கீழே பார்த்துப் பெருமைப்படுவதும் பொறாமையின் உடன்பிறப்புதான்.

நான்கு: அவர் பல்லக்குக்கு என் தோளைக் கொடுக்க முடியுமா? அவர் வீட்டு நல்ல காரியத்தில் முன்னின்று பந்தி பரிமாற முடிந்தால் நோய் தீர்ந்தது.

தமிழில் ஒப்பு என்ற ஒரே வேரிலிருந்து இரண்டு சொற்கள் பிறந்தன. ஒன்று ஒப்பீடு. மற்றொன்று ஒப்புரவு, ஊரோடு இணைந்து எல்லார்க்கும் உதவி வாழ்தல். திருக்குறளின் இருபத்திரண்டாவது அதிகாரமாகிய ஒப்புரவறிதல் பேசுவதும் அதைத்தான். மற்றவரும் நம்மை ஒத்தவரே என்று பார்க்கும் பார்வை ஒப்பீட்டோடு நின்றுவிட்டால் மனம் புழுங்கும். ஒப்புரவு வரை நடந்தால் ஊர் வாழும்.

அன்பர்களே, இம்மலரிலும் நன்கொடையாளர் பட்டியல் உண்டு. வழக்கம்போல் அகர வரிசையிலேயே இருக்கிறது. தாராளமாகப் புரட்டிப் பாருங்கள். உங்கள் பெயருக்கு மேலும் கீழும் உள்ள பெயர்களைப் படிக்கும்போது அவர்களுக்காக ஒரு கணம் பிரார்த்தனை செய்யுங்கள். பட்டியலில் இடம்பெறாத அன்பர்களும் உண்டு. கோலமிட்டவர்கள், விளக்குத் துலக்கியவர்கள், அண்டா கழுவியவர்கள். அவர்கள் பெயரை அச்சிட நாங்கள் கேட்டபோது வேண்டாம் என்றார்கள். உழவாரப் பணிக்கு ஆள் எப்போதும் தேவை. துடைப்பமும் வாளியும் நாங்கள் தருகிறோம்.

கோயிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்ட அந்த அன்பருக்கும் இம்மலரின் ஒரு பிரதியை நேரில் கொண்டு சென்று கொடுக்க எண்ணியிருக்கிறேன். அவர் மீண்டும் நம் சந்நிதிக்கு வர எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.